மனநல விடுதியின் வரைபடம்: நெரிசல், பாதுகாப்பு, சுகம்

கொட்டாஞ்சேனையிலோ கிராண்ட்பாஸிலோ ஒரு வீட்டில் ஒருவர் நாலைந்து இரவுகளாகத் தூங்கவில்லை. யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்கிறார். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். கடைசியில் அண்ணனும் மாமாவும் சேர்ந்து அவரை ஓட்டோவில் ஏற்றுகிறார்கள். ஒருகொடவத்தைச் சந்தியில் கொள்கலன் லொறிகளுக்கு நடுவே வண்டி அகப்பட்டுக்கொள்கிறது. ஹோர்ன் சத்தம், டீசல் புகை, நண்பகல் வெயில். வெல்லம்பிட்டிய, கொஹிலவத்தை எல்லாம் தாண்டி அங்கொடை மனநல வைத்தியசாலை வாசலில் இறங்கும்போது அவருடைய பயம் வீட்டில் இருந்ததைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். அந்த வாசலுக்கு உள்ளே முதல் அரை மணி நேரத்தில் அவர் எதைப் பார்க்கிறார், எங்கே உட்காருகிறார், யார் அவரோடு எந்த மொழியில் பேசுகிறார் என்பதில் வைத்தியம் தொடங்கிவிடுகிறது. அதில் பாதி வைத்தியர் கையில். மறுபாதி அந்தக் கட்டடத்தை வரைந்தவர் கையில்.

மனநல விடுதி கட்டும்போது பாதுகாப்புக்கு ஒரு செலவு, நோயாளரின் சுகத்துக்கு ஒரு செலவு என்று இரண்டு தனிக் கணக்குப் போடுவது நம்மிடையே வழக்கம். பணம் குறையும்போது இரண்டாவது கணக்கைத்தான் முதலில் வெட்டுவார்கள். தோட்டம் போகும், பார்வையாளர் அறை போகும், கம்பியும் பூட்டும் மட்டும் மிஞ்சும். அப்படிக் கட்டிய இடங்கள் ஆபத்தான இடங்களாகவே முடிந்திருக்கின்றன. நெரிசலும் இரைச்சலும் அவமானமும் குறைந்த விடுதியில்தான் கைகலப்பு குறைகிறது, தப்பியோடுவது குறைகிறது, உயிரிழப்பும் குறைகிறது. இந்த அத்தியாயத்தில் வரும் அளவுகளும் யோசனைகளும் அந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

கொழும்பு நான்கு முறை கட்டியது

கொழும்பின் மனநல வைத்தியசாலை வரலாறு இடம் பெயர்ந்த வரலாறு. பிரித்தானியர் காலத் தொடக்கத்தில் மனநோயாளர்கள் ஹெந்தளைத் தொழுநோய் வைத்தியசாலையில் வைக்கப்பட்டார்கள். 1840களில் பொரளையில் அவர்களுக்கென்று ஒரு காப்பகம் வந்தது. அது நிரம்பி வழிந்ததும் 1880களில் கறுவாத்தோட்டத்தில், ஜாவத்தையில், பெரிய கட்டடம் எழுந்தது. இன்று சுதந்திர சதுக்கத்துக்குப் பக்கத்தில் கடைகளும் உணவகங்களுமாக விளங்கும் ஆர்கேட்தான் அந்தக் கட்டடம். 2014இல் வணிக வளாகமாகத் திறப்பதற்கு முன் நெடுங்காலம் அரச அலுவலகமாக இருந்தது. அதன் நீண்ட விறாந்தைகளில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஜாவத்தையும் நிரம்பியது. 1920களில் அங்கொடை திறக்கப்பட்டது. லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையைச் சேர்ந்த எட்வர்ட் மபோதர் 1930களின் பிற்பகுதியில் வந்து பார்த்தபோது அங்கேயும் இடநெருக்கடி பெரும் பிரச்சினையாகியிருந்தது. 1950களின் பிற்பகுதியில் முல்லேரியாவில் இன்னொரு வைத்தியசாலை சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் விடை ஒன்றுதான்: ஊருக்குச் சற்று வெளியே, முன்னதைவிடப் பெரியதாய் ஒன்று. ஒவ்வொரு முறையும் அது நிரம்பியது. வந்தவர்கள் திரும்பிப் போக வழி இல்லாத வரைக்கும் எந்தக் கட்டடமும் போதாது.

அங்கொடை 2008இல் தேசிய மனநல நிறுவகம் ஆனது. ஆனாலும் பெரிய மாற்றம் வேறு இடத்தில் நடந்தது. சுனாமிக்குப் பிறகு வந்த 2005ஆம் ஆண்டின் மனநலக் கொள்கை, ஒவ்வொரு மாவட்டத்திலும் பொது வைத்தியசாலைக்கு உள்ளேயே ஒரு தீவிர சிகிச்சை மனநல விடுதி வேண்டும் என்றது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் போகும் அதே வாசலால் மனநோய்க்கும் போவது. அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே ஏச்சாகப் பாவித்துப் பழகிய சமூகத்துக்கு இது சின்ன விஷயமில்லை. வாசல் பொதுவாக இருந்தால் குடும்பம் நேரத்தோடு வரும். நேரத்தோடு வந்தவரைக் கட்டிப் பிடித்துக் கொண்டுவர வேண்டிய தேவையும் குறையும்.

ஆகவே புதிதாகக் கட்டுபவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு அளவு பற்றியது. ஒரு விடுதிக்கு இருபது கட்டில் என்பது இந்த நூல் சொல்லும் மேல் எல்லை. அதற்குள் இருந்தால் எல்லாத் தாதியரும் எல்லா நோயாளரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். கூடுதல் கட்டில் தேவையானால் இன்னொரு விடுதி கட்ட வேண்டும். ஒன்றை நீட்டக் கூடாது.

நெரிசல் கோபமாகும் விதம்

நோயில் தவிக்கும் ஒருவர் அறையில் மூன்று பேர் கத்தும்போது எழுந்து விலகிப் போக இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் அவர் தள்ளுவார், அல்லது தள்ளப்படுவார். பிறகு ஊசி, பிறகு கட்டு. சுற்றுச்சூழல் உளவியலாளர் ரோஜர் உல்ரிச் இதைத்தான் ஆராய்ந்தார். மருத்துவமனை யன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட விரைவாக வீடு திரும்பினார்கள் என்று 1984இல் எழுதிப் புகழ்பெற்றவர் அவர். சுவீடனின் கோதன்பர்க் நகரில் 2006இல் திறக்கப்பட்ட மனநல வைத்தியசாலை ஒன்றை, அது பதிலீடு செய்த பழைய கட்டடத்தோடும் வேறொரு வைத்தியசாலையோடும் அவரும் சகாக்களும் ஒப்பிட்டு 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கட்டாய ஊசி தேவைப்பட்டவர்களின் விகிதம் புதிய கட்டடத்தில் குறைந்திருந்தது. உடலைக் கட்டிவைப்பதும் குறைந்திருந்தது.

அந்தக் கட்டடத்தில் என்ன இருந்தது? ஆளுக்கொரு அறை, அதற்கென்று குளியலறை. நகர்த்தக்கூடிய கதிரைகள் போட்ட பொது இடம். சத்தத்தை உள்வாங்கும் கூரை. இறங்கி நடக்க ஒரு தோட்டம். யன்னலில் பச்சை, உள்ளே பகல் வெளிச்சம். தாதியர் இருக்கும் இடத்திலிருந்து பொது இடம் முழுவதும் தெரியும் அமைப்பு. விலை உயர்ந்த கருவி எதுவும் இதில் இல்லை. இலங்கையில் செய்ய முடியாதது என்று சொன்னால், ஆளுக்கொரு அறையை மட்டுமே சொல்லலாம்.

அதையும் அப்படியே எடுக்கத் தேவையில்லை. நம்மவர்கள் பலருக்கு நோயில் தனியறை என்பதே பயம். பக்கத்தில் யாராவது மூச்சுவிடும் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையம் இதற்கு நல்ல பாடம். அங்கே நோயாளர் தனியாகச் சேர்க்கப்படுவதில்லை. அம்மாவோ கணவனோ தம்பியோ கூடவே தங்கி, சமைத்து, மருந்தைப் பார்த்துக் கொடுத்து, நோயைப் பற்றிப் படித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். குடும்பம் கூட இருப்பதால் பூட்டின் வேலை பாதியாகக் குறைகிறது. இலங்கை அரச வைத்தியசாலைகளில் பார்வையாளர் நேரம் முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தை மாற்றாமல் கட்டடத்தை மட்டும் மாற்றிப் பயன் குறைவு.

நடைமுறைக்கு ஏற்ற கலவை இது: இரண்டு முதல் நான்கு கட்டில் உள்ள சிறு அறைகள் பெரும்பகுதி, மிகவும் கொந்தளிப்பில் வருபவர்களுக்கும், குழந்தை பெற்ற கையோடு நோயில் விழும் தாய்மாருக்கும் சில தனியறைகள், தனியறை ஒவ்வொன்றிலும் துணைக்கு இருப்பவர் நீட்டிப் படுக்க ஓர் அகலமான திண்ணை, சுவரோடு சேர்த்துக் கட்டியது. அந்தத் திண்ணை கட்டிலைவிட மலிவு, உடையாது, தூக்கி எறியவும் முடியாது. பிரசவத்துக்குப் பின் நோயுற்ற தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்காமல் பார்த்துக்கொள்ள அம்மம்மா வந்து தங்குவதற்கும் அதுவே இடம்.

ஏர்வாடி

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடி தர்காவை அண்டியிருந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்கள் ஓடிவிடக் கூடாது, ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளக் கூடாது என்று போட்ட சங்கிலி அது. பாதுகாப்புக்கென்று போட்டது.

இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017இல் வந்த இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. தனிமைச் சிறைபோல் அடைப்பதையும் தடைசெய்கிறது. இலங்கையில் இன்னும் 1873ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேல்தான், 1956இல் செய்த திருத்தங்களோடு, விடுதிகள் நடக்கின்றன. புதிய சட்டம் வரும்வரை வரைபடமாவது முன்னே போகலாம்.

ஏர்வாடியிலிருந்து கட்டடக் கலைஞர் எடுத்துக்கொள்ள வேண்டியது மிகத் திட்டவட்டமானது. பூட்டிய கதவு ஒவ்வொன்றுக்கும், தீ வந்தால் அதை யார், எத்தனை வினாடியில் திறப்பார் என்ற பதில் வரைபடத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு சாவிக் கொத்து ஒரு சிற்றூழியரின் இடுப்பில் தொங்குவது பதில் ஆகாது. இரவில் அவர் தேநீர் எடுக்கப் போயிருப்பார். தீ எச்சரிக்கை அடித்ததும் தானாக விடுபடும் மின்பூட்டு, மின்சாரம் போனாலும் திறக்கும் வகையில்; கடமையில் இருக்கும் எல்லோர் கையிலும் ஒரே சாவி; இரண்டு எதிர்த் திசைகளில் வெளியேறும் வழி, அவற்றில் ஒன்று சுவர் சூழ்ந்த முற்றத்துக்கு. முற்றத்துக்குத் திறக்கும் கதவைத் தயங்காமல் திறக்கலாம், ஏனென்றால் அங்கே போனவர் தெருவுக்குப் போய்விடமாட்டார். தீயும் தப்பியோடுதலும் ஒரே வரைபடத்தில் தீர்ந்துவிடுகின்றன. யன்னலில் நிலையான இரும்புக் கிறில் போட்டுப் பழகிய கொழும்பு வீட்டு மேசன்மாருக்கு இதை முதல் நாளே விளக்கிச் சொல்லிவிட வேண்டும்.

கைக்கு எட்டாமல் வைப்பது

தற்கொலை எண்ணத்தோடு வருபவரை எந்தச் சுவரும் காப்பாற்றாது என்று சிலர் கைவிட்டுப் பேசுவார்கள். இலங்கையின் சொந்த அனுபவமே அதை மறுக்கிறது. 1995இல் நாட்டின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற அளவை எட்டி, உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றாக இருந்தது. கொடிய நச்சுள்ள பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் விழுந்தது. மக்களின் துயரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. போர் அந்தக் காலத்திலும் தொடர்ந்தது, சுனாமியும் அப்போதுதான் வந்தது. கைக்கெட்டிய தூரத்தில் இருந்த வழி இல்லாமல் போனது, அவ்வளவுதான். அந்த நேரத்து வேகம் தணிந்ததும் பெரும்பாலானோர் உயிரோடு வாழ்கிறார்கள்.

விடுதிக்குள்ளும் இதே கணக்கு. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகள் 2007இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை எல்லா மனநல விடுதிகளிலும் கொண்டுவந்தன: துணியோ கயிறோ பற்றிக்கொள்ளக்கூடிய முனை, உடைத்தால் கூராகும் பொருள், உள்ளிருந்து தடுத்துக்கொள்ளக்கூடிய கதவு என்று அறை அறையாகத் தேடி நீக்குவது. அந்த விடுதிகளுக்குள் நடந்த தற்கொலைகள் முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கும் கீழோ வந்தன, பல ஆண்டுகள் அப்படியே நின்றன. பிரித்தானிய வைத்தியசாலைகளில் பாரம் விழுந்தால் கழன்றுவிடும் திரைச்சீலைத் தண்டு இல்லாதிருப்பது, ஒருபோதும் நிகழவே கூடாத தவறுகளின் பட்டியலில் இருக்கிறது.

ஒரு குளியலறையைப் பார்ப்போம், ஏனென்றால் ஆள் தனியாக இருக்கும் இடம் அதுதான். கதவு வெளிப்பக்கமும் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவில் சாய்ந்து கிடந்தாலும் தாதி உள்ளே போக முடிய வேண்டும். கதவின் மேல்விளிம்பு சரிவாக, கீல் மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டாக, கைபிடி கதவுக்குள் புதைந்ததாக. உள்ளே தாழ்ப்பாள் வேண்டும், அது நோயாளரின் மானம். ஆனால் வெளியிலிருந்து ஒரு நாணயத்தாலாவது திருப்பித் திறக்கக்கூடிய தாழ்ப்பாள். குழாய் அழுத்தினால் நீர் வரும் வகை, பிடித்துத் தொங்க முனை இல்லாதது. மலசலகூடத்தில் நாம் எல்லோரும் பாவிக்கும் கைச் சவரின் நீண்ட குழாய் இங்கே கூடாது. குட்டையான, சுவருக்குள்ளிருந்து வரும் நீர்த்தாரை போதும். வாளியில் அள்ளிக் குளித்துப் பழகியவருக்கு வாளி வேண்டும்: கம்பிக் கைபிடி இல்லாத, விளிம்பைப் பிடித்துத் தூக்கும் தொட்டியாக அதைக் கொடுக்கலாம். கண்ணாடிக்குப் பதில் மெருகிட்ட உருக்குத் தகடு. இவற்றில் பெரும்பாலானவற்றை நல்ல கண் உள்ள ஒரு கொழும்புப் பாஸ் செய்து தருவார். இறக்குமதி செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லாத இரண்டு பிரச்சினைகள் நமக்கு உண்டு. ஒன்று மின்விசிறி. கொழும்பின் புழுக்கத்தில் அது இல்லாமல் தூக்கம் இல்லை, தூக்கம் இல்லாமல் பித்து தணியாது. தாழ்ந்த கூரையில் தொங்கும் விசிறியோ பெரிய ஆபத்து. சுவருக்குள் குழிவெட்டி, நுண்வலைக்குப் பின்னால் விசிறியைப் பொருத்துவது ஒரு வழி. அதைவிடச் சிறந்தது, எதிரெதிர் யன்னலும் உயர்ந்த கூரையும் வைத்துக் காற்றோட்டத்தால் பாதி வேலையை முடிப்பது. மற்றது நுளம்பு. டெங்கு இருக்கும் நகரத்தில் கட்டிலுக்கு மேல் வலை கட்டச் சொல்வார்கள். வலையும் அதன் கயிறும் மனநல விடுதிக்கு ஆகாது. யன்னல் முழுவதற்கும் சட்டத்தோடு பதித்த உருக்கு நுண்வலை போட்டால் நுளம்பும் வராது, யன்னலால் குதிக்கவும் முடியாது, கம்பிச் சிறை என்ற தோற்றமும் வராது. ஒரே செலவில் மூன்று பயன்.

இதெல்லாம் ஆள் இருக்கும் இடத்துக்கு ஈடாகாது. யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் எவ்வளவு செலவழித்தாலும் அது ஆபத்தான மூலைதான்.

பார்ப்பது, உட்காருவது

தாதியர் மேசையைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் பாதுகாப்பாக உணர்வார்கள் என்று நினைத்துச் செய்வது. நோயாளர் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் களைத்து, பிறகு ஓங்கித் தட்டுவார். திறந்த மேசை, அகலமாக, எட்டிப் பிடிக்க முடியாத அளவு ஆழமாக இருந்தால் போதும். கோப்புகளும் மருந்தும் பின்னால் பூட்டக்கூடிய அறையில். அந்த மேசையிலிருந்து விறாந்தையும் சாப்பாட்டு மேசைகளும் முற்றமும் இயல்பாகத் தெரிய வேண்டும். படுக்கை அறைக்குள் கண் போகக் கூடாது. அங்கே நேரத்துக்கு நேரம் நடந்து போய்ப் பார்ப்பதே முறை. கமெரா நடந்து போவதற்கு மாற்று ஆகாது.

கதிரைகளைப் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. 1950களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ரொபர்ட் சோமர் என்ற உளவியலாளர் வயதான பெண்கள் இருந்த விடுதி ஒன்றைப் பார்த்தார். புதுப் பெயின்ட், புதுத் தளபாடம், ஆனால் கதிரைகள் எல்லாம் சுவர் ஓரமாக வரிசையில். பெண்கள் நாள் முழுவதும் தோளோடு தோள் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். அவர் கதிரைகளைச் சிறு மேசைகளைச் சுற்றிப் போட்டார், மேசையில் சஞ்சிகைகளும் பூவும் வைத்தார். சில வாரங்களில் அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவது ஏறக்குறைய இரட்டிப்பானது. தொடக்கத்தில் தளபாடத்தை நகர்த்தியதற்கு நோயாளரும் ஊழியரும் எதிர்ப்புக் காட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்; சுவர் ஓரம்தான் துடைப்பதற்கு வசதி. நம் வைத்தியசாலை வாங்குகள் இன்றும் சுவர் ஓரமாகத்தான் நிற்கின்றன. இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் மாற்றங்களில் நாளை காலையே, ஒரு சதம் செலவில்லாமல், செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

அதே மாகாணத்தில் யோர்க்டன் நகருக்கு ஒரு மனநல மையத்தை வரைந்த கட்டடக் கலைஞர் கியோ இசூமி, நோயாளருக்கு இடம் எப்படித் தெரிகிறது என்று அறிய வைத்தியர் ஹம்ப்ரி ஒஸ்மண்டின் மேற்பார்வையில் எல்எஸ்டி எடுத்துக்கொண்டு பழைய வைத்தியசாலைக்குள் நடந்து பார்த்தார். முடிவில்லாத விறாந்தையும் பளபளக்கும் தரையும் எவ்வளவு அச்சுறுத்தும் என்று அவர் பிறகு எழுதினார். அந்த வழியை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. அந்த அச்சத்தை விடுதியில் அனுபவித்து வீடு திரும்பியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வரைபடக் கூட்டத்துக்கு அவர்களில் இருவரைக் கூப்பிட்டு, போக்குவரத்துச் செலவும் கொடுத்து, சொல்வதைக் குறித்துக்கொண்டால் போதும். இசூமி கண்டதையே அவர்கள் சொல்வார்கள்: நீண்ட விறாந்தையை உடைத்து வளையுங்கள், தரையின் பளபளப்பைக் குறையுங்கள், சுவரில் கட்டம் கட்டமான கோலங்கள் வேண்டாம்.

வெளிச்சம். கனடாவின் எட்மண்டனில் மனச்சோர்வோடு சேர்ந்த நோயாளரில் வெயில் விழும் அறையில் இருந்தவர்கள் சராசரி 16.9 நாளிலும், மங்கலான அறையில் இருந்தவர்கள் 19.5 நாளிலும் வீடு திரும்பினார்கள் என்று 1996இல் ஓர் ஆய்வு சொன்னது. மிலானில் கிழக்கு பார்த்த அறைகளிலும் இதே போக்கைக் கண்டார்கள். ஏழு பாகை அகலாங்கில் இருக்கும் கொழும்பில் காலை வெயில் மருந்து, பிற்பகல் வெயில் தண்டனை. படுக்கை அறைகள் கிழக்கே பார்க்கட்டும். மேற்கே குளியலறை, களஞ்சியம், படிக்கட்டு. நடுவே முற்றம் வைத்த யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு இந்த நூல் கேட்கும் அத்தனையையும் ஏற்கெனவே செய்துவிட்டது: வெளியே போகாமலே வானம் தெரியும், நான்கு பக்கமும் விறாந்தை, ஒரு மூலையில் இருந்தால் எல்லாமே கண்ணில் படும், மழை நாளிலும் சுற்றி நடக்கலாம். இருபது கட்டில் விடுதிக்கு இதைவிடப் பொருத்தமான உள்ளூர் வடிவம் கிடையாது. முற்றத்தில் வேம்பு, நந்தியாவட்டை, செவ்வரத்தை வைக்கலாம். சுவரோரம் ஏறக்கூடிய மரம் வேண்டாம், அலரி எந்த நிறத்திலும் வேண்டாம்.

இடம், மொழி

ஒருகொடவத்தைப் பக்கத்தில் காணி பார்ப்பவர்கள் இரண்டு ஆண்டுகளை மறக்கக் கூடாது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையும் வெல்லம்பிட்டியவும் நீரில் மூழ்கின. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெள்ளம் வரும் நிலத்தில் பூட்டக்கூடிய விடுதியைத் தரைத்தளத்தில் வைப்பது தெரிந்தே ஆபத்தை விலைக்கு வாங்குவது. மேல்மாடியில் வைத்தால் முற்றம் போய்விடும் என்ற கவலைக்கு விடை உண்டு: தூண்களின் மேல் தளத்தை உயர்த்தி, முற்றத்தையும் அதே மட்டத்தில் மண்மேடாக உயர்த்துவது. கொள்கலன் முற்றங்களின் பக்கம் யன்னல் வைக்காமல், அந்தப் பக்கத்துக்கு அலுவலகங்களையும் களஞ்சியத்தையும் சுவராக நிறுத்துவது. பஸ் தரிப்பிடம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். இரண்டு பஸ் மாறி வரவேண்டிய தாய் வாரம் இரண்டு முறை வரமாட்டாள், அவள் வராத வாரத்தில் மகன் குணமடைவதும் பின்தள்ளிப் போகும்.

மொழி வரைபடத்துக்குள் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. வர வேண்டும். மருந்து ஏறும்வரை சொல்தான் சிகிச்சை. கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பெண் தனக்குக் கேட்கும் குரலைப் பற்றிச் சிங்களத்தில் விளக்க முடியாது. வாசல் பலகை, கதவு எண், சாப்பாட்டு நேரம், முறைப்பாடு செய்யும் வழி எல்லாம் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும், ஆங்கிலம் கீழே. சேர்க்கும் இடத்துக்குப் பக்கத்தில், கதவு மூடக்கூடிய, மூவர் உட்காரும் ஒரு சிறு அறை ஒதுக்க வேண்டும்: நோயாளர், வைத்தியர், மொழிபெயர்ப்பவர். அந்த அறை வரைபடத்தில் இல்லாவிட்டால் அந்தப் பேச்சு விறாந்தையில், நாலு பேர் கேட்க, நடக்கும். அண்ணன்காரன் மொழிபெயர்ப்பான், தங்கை உண்மையைச் சொல்லமாட்டாள்.

கொந்தளிப்பின் உச்சத்தில் இருப்பவருக்கு என்ன செய்வது? பூட்டிய இருட்டறை பழைய விடை. இப்போது பல நாடுகளில் அமைதி அறை வைக்கிறார்கள்: வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கலாம், தரையில் கனமான மெத்தை, பாட்டு கேட்கலாம், கதவு பூட்டுவதில்லை, ஒரு தாதி வாசலில் இருப்பார். அதை விடுதியின் தொலைவான முனையில் வைக்காமல் தாதியர் மேசைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் பாவனைக்கு வரும். தொலைவில் வைத்தால் ஆறு மாதத்தில் அது கட்டில் சாமான் அடுக்கும் அறையாகிவிடும்.

திரும்பிப் போகும் வழி பற்றி இந்த அத்தியாயத்தில் ஒன்று மட்டும். சென்னையில் 1993இல் தொடங்கிய பானியன் அமைப்பு, வீடற்று நீண்டகாலம் காப்பகத்தில் இருந்த பெண்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் நாலைந்து பேராகக் குடிவைத்தது; தேவைப்படும் அளவுக்கு உதவியாளர் வந்து போவார். சமையலும் சந்தையும் அண்டை வீட்டுச் சண்டையும் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தன. இப்படிச் சில வீடுகளுக்கு விடுதியின் ஆண்டுச் செலவிலேயே ஒரு பங்கை ஒதுக்காவிட்டால், இருபது கட்டில் என்ற எல்லை மூன்றாவது ஆண்டிலேயே உடையும். பொரளையிலும் ஜாவத்தையிலும் நடந்தது அதுதான்.

திறப்பதற்கு முன்னும் பின்னும்

நாடா வெட்டும் நாளுக்கு ஒரு வாரம் முன், பொறியியலாளர், தலைமைத் தாதி, இரவு சிற்றூழியர் ஒருவர், முன்பு நோயாளராக இருந்த ஒருவர் ஆகிய நால்வரும் ஓர் இரவு முழுவதும் அந்த விடுதியில் தங்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுக் குளியலறைக்கு நடந்து பார்க்கட்டும். எந்தக் கதவு அறைந்து சாத்துகிறது, எந்தக் குழாய் இரவில் கூவுகிறது, எந்த மூலை மேசையிலிருந்து தெரியவில்லை என்று எழுதட்டும். அவசர மணியை அடித்து எத்தனை வினாடியில் ஆள் வருகிறார் என்று பார்க்கட்டும். அதைத் திருத்தி முடிக்கும்வரை திறப்பு விழாவைத் தள்ளிவைக்கும் அதிகாரம் தலைமைத் தாதியிடம் எழுத்தில் இருக்க வேண்டும்.

திறந்தபின், விடுதியின் தரைவரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு ஊழியர் அறையில் மாட்டலாம். கைகலப்பு, விழுதல், தப்பியோட முயன்றது, தன்னைக் காயப்படுத்திக்கொண்டது ஒவ்வொன்றும் நடந்த இடத்தில் ஒரு நிறப் புள்ளி, பக்கத்தில் தேதியும் நேரமும், பெயர் வேண்டாம். ஆறு மாதத்தில் புள்ளிகள் எங்கே குவிகின்றன என்பது யாரும் சொல்லாமலே தெரியும். பெரும்பாலும் அது மருந்து வரிசை நிற்கும் ஒடுக்கமான இடமாகவோ, தொலைபேசிக்குக் காத்திருக்கும் மூலையாகவோ இருக்கும். இந்தப் படத்தையும் அறை அறையான சரிபார்ப்புப் பட்டியலையும் வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புப் பகுதியோடு நடக்க வேண்டும். கழன்ற ஆணி, மாற்றிப் போட்ட சாதாரணக் கைபிடி, யாரோ உடுப்புக் காயப்போடக் கட்டிய கொடி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். நோயாளரின் குடும்பத்தினர் நிற்கும் இடத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி உதவி எண்ணை இரு மொழியிலும் எழுதி ஒட்டி, அது கிழியாமல் இருக்கிறதா என்பதையும் அதே நடையில் பார்த்துவிடலாம்.